வடசேரியின் 'சண்டைக்கால' அலமாரி: ஒரு பழைய புத்தகக் கடையைப் பற்றி

நாகர்கோவில் வடசேரியில், கனகமூலம் சந்தைப் பக்கமாகத் திரும்பும் தெரு ஒன்றில் இருக்கும் பழைய புத்தகக் கடையைப் பற்றி, போர்க்காலத்தில் அச்சான கவிதை நூல்களின் முற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் பெயர் கிடையாது. 'பழைய புத்தகங்கள் வாங்கப்படும், விற்கப்படும்' என்று எழுதிய தகரம் ஒன்று வாசலில் தொங்குகிறது. முன்பகுதி முழுவதும் பத்தாம் வகுப்புக் கைடுகளும் அரசுத் தேர்வுக்கான வினா விடைத் தொகுப்புகளும் அடுக்கப்பட்டிருப்பதால், தெருவில் போகிறவர்கள் இதை மாணவர்களுக்கான கடை என்று எண்ணிக் கடந்து போய்விடுவார்கள். உள்ளறையில் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் தேக்கு அலமாரியில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. அதன் மேல்தட்டில் 'சண்டைக்காலம்' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ் நூல்களை இந்தக் கடையில் நம்பி வாங்கலாம். தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் நான் பார்த்த பல கடைகளை விட இங்கே நூலைப் பற்றிய விவரம் நேர்மையாகவும் நுட்பமாகவும் தரப்படுகிறது. ஆங்கில நூல்களில் அந்த நுட்பம் இல்லை. விலையும் நியாயமாக இல்லை. ஒரே அலமாரியின் இரண்டு தட்டுகளுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதை விளக்கினால், வாங்கச் செல்பவருக்கு அது உதவும்.

போர்க்காலக் கவிதை நூல் என்றால் போரைப் பாடிய நூல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. 1914 முதல் 1918 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும், தாளுக்கும் அச்சுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் வெளிவந்த கவிதை நூல்கள் அனைத்தையும் இந்தக் கடை இந்தப் பெயரில் வைத்திருக்கிறது. இந்த வரையறையை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெல்ஜியத்தை வாழ்த்திப் பாரதியார் பாடியது முதல் உலகப் போரைப் பற்றிய நேரடியான கவிதை. ஆனால் புதுச்சேரியில் அவர் இருந்த அதே போர் ஆண்டுகளில், 1917-இல், பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட 'கண்ணன் பாட்டு', 'நாட்டுப் பாட்டு', 'முரசு' ஆகிய சிறு நூல்களில் பீரங்கிச் சத்தம் கேட்காவிட்டாலும், அவையும் அந்தக் காலத்தின் தாளிலும் அந்தக் காலத்தின் நெருக்கடியிலும் பிறந்தவையே. சேகரிப்பவருக்குப் பாடுபொருளோடு நூலின் உடம்பும் முக்கியம் என்பதால், இந்த வரையறை சரியானது.

கடையின் சிறப்பு அதன் துண்டுச் சீட்டுகளில் இருக்கிறது. அலமாரியில் உள்ள ஒவ்வொரு நூலுக்குள்ளும், தாளில் படாதவாறு சிறிய பட்டர் பேப்பர் உறையில் செருகிய சீட்டு ஒன்று இருக்கும். அதில் பென்சிலால், எந்தப் பதிப்பு, எந்த அச்சு, எந்தப் பக்கம் இல்லை, அட்டை மாற்றப்பட்டதா, நூல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். உறுதியாகத் தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதியிருப்பார்கள். பழைய புத்தக வணிகத்தில் இந்த ஒரு சொல்லை எழுதத் துணிகிறவர்கள் குறைவு. முகப்புத் தாள் போன நூலை எல்லாம் 'முதற் பதிப்பு' என்று சொல்லி விற்பதுதான் நடைமுறை, ஏனென்றால் மறுக்க ஆதாரம் நூலில் இராது.

எடுத்துக்காட்டாக, முகப்பும் கடைசிச் சில தாள்களும் இல்லாத ஒரு 'கண்ணன் பாட்டு' பிரதி அங்கே இருந்தது. யாரோ ஒரு பழைய உரிமையாளர் அதன் முதல் பக்கத்தில் மையால் '1917' என்று பெரிதாக எழுதியிருந்தார். வேறு கடையாக இருந்தால் அந்த எண்ணையே சான்றாகக் காட்டி விலை சொல்லியிருப்பார்கள். இங்கே சீட்டில் இருந்தது இதுதான்: வ.வே.சு. ஐயரின் முன்னுரை உள்ளது. அது 1919-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. ஆகவே இந்தப் பிரதி 1919 அல்லது அதற்குப் பிந்தையது. 1917 என்பது பின்னால் யாரோ எழுதியது. அந்த மை எழுத்தை அழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதையும் நூலின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். விலை, ஒரு பிந்தைய பதிப்பின் குறைப்பிரதிக்கு எவ்வளவு இருக்கலாமோ அவ்வளவுதான்.

பாரதிதாசன் நூல்களிலும் இதே கவனத்தைக் கண்டேன். 'பாண்டியன் பரிசு' 1943-இலும் 'அழகின் சிரிப்பு' 1944-இலும் வந்தவை. பின்னால் வந்த பதிப்புகள் பலவற்றில் முதற் பதிப்பின் முன்னுரையை அதன் தேதியோடு அப்படியே அச்சிட்டிருப்பதால், முன்னுரைத் தேதியைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது வழக்கம். இந்தக் கடையின் சீட்டுகளில் 'முன்னுரைத் தேதி' என்றும் 'அச்சான ஆண்டு' என்றும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். பின்னட்டை விளம்பரத்தில் உள்ள நூல்களையும் அவற்றின் விலைகளையும் கூட அவர்கள் பார்க்கிறார்கள்: 1944 என்று முகப்பில் போட்ட ஒரு நூலின் பின்னட்டையில், அதற்குப் பின்னர் எழுதப்பட்ட நூல் ஒன்று விலையோடு விளம்பரமாகியிருந்தால், அந்த அட்டையாவது பின்னாளில் ஒட்டப்பட்டது என்பது தெளிவு. கட்டாமல் இருந்த பாரங்களை (அச்சடித்து மடித்த தாள் தொகுதிகளை) எடுத்துப் புது அட்டை போட்டு விற்பது அன்றைய பதிப்பகங்களில் உண்டு. அந்தப் பிரதிகளை 'உள்பாரம் முதல் அச்சு, அட்டை பிந்தையது' என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது, எழுதியவருக்கு அச்சகத்து வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. விசாரித்ததில், கடைக்காரரான அண்ணாச்சி இளமையில் கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தவர் என்று தெரிந்தது.

இந்த அலமாரியின் உயிர்நாடி கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. தேரூரில் 1876-இல் பிறந்து, பணி ஓய்வுக்குப் பின் புத்தேரியில் வாழ்ந்து, 1954-இல் மறைந்தவரின் நூல்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளில் கிடைப்பது போல வேறெங்கும் கிடைப்பதில்லை. அவருடைய முக்கியமான நூல்கள் வெளியான ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், போர்க்கால அலமாரியில் அவருக்கு ஏன் இவ்வளவு இடம் என்பது விளங்கும்: 'மலரும் மாலையும்' 1938, 'ஆசிய ஜோதி' 1941, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1942, 'உமர்கய்யாம் பாடல்கள்' 1945. முதல் நூல் இரண்டாம் உலகப் போருக்கு ஓராண்டு முந்தியது. மற்ற மூன்றும் நேராகப் போருக்குள் விழுகின்றன. மான்மியத்தின் கதை இன்னும் சுவையானது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917, 1918-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடராக வந்த அந்தப் பாடல்கள், இரண்டாம் உலகப் போரின் நடுவில்தான் நூலுருவம் பெற்றன. அது எதிர்த்துப் பாடிய மருமக்கள் தாயமுறை (சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் வழக்கம்) அதற்குள் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சட்டப்படி ஒழிந்துவிட்டிருந்தது. இதழ்ப் பக்கங்களை வெட்டித் தைத்து வைத்திருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கக் கூடும் என்று அண்ணாச்சி நம்புகிறார். தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டிப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகப் போய் நிற்கிறார்.

கவிமணி நூல்களைக் காலம் கணிப்பதில் கடைக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 'கவிமணி' என்ற பட்டம் அவருக்கு 1940-இல்தான் அளிக்கப்பட்டது. எனவே முகப்பில் அந்தப் பட்டத்தோடு அச்சான 'மலரும் மாலையும்' எதுவும் 1938-ஆம் ஆண்டுப் பிரதியாக இருக்க இயலாது. முகப்பு போயிருந்தாலும் அட்டை முதுகிலோ பக்கத் தலைப்பிலோ பட்டம் இருந்தால் போதும், விஷயம் முடிந்தது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "மேலே பேரைப் பாத்துக்கிடுங்க தம்பி, அதுக்குப் பொறவு ஆண்டைப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. எளிய சோதனைதான், ஆனால் இணையத்தில் 1938 என்று சொல்லி விற்கப்படும் பிரதிகளின் படங்களைப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு சோதனையிலேயே பலவற்றைத் தள்ளிவிடலாம்.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது என்பதும் சேகரிப்பவருக்குச் சாதகம். பள்ளிப் பரிசுச் சீட்டுகளிலும் நூலக முத்திரைகளிலும் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு போடுவார்கள். நூலைக் கொடுத்த நாள் தெரிந்தால், நூல் அதற்குள் அச்சாகிவிட்டது என்பது உறுதி. முகப்பு இழந்த 'ஆசிய ஜோதி' ஒன்றின் உள்ளட்டையில், 1119 என்று கொல்லம் ஆண்டு போட்ட பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டு 1943 ஆகஸ்டில் தொடங்கி 1944 ஆகஸ்டில் முடிகிறது. துண்டுச் சீட்டில் '1944-க்குப் பிற்பட்டதன்று. முதல் அச்சா என்பது தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். இதை விடத் துல்லியமாக அந்தப் பிரதியைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு நூலின் வெற்றுத்தாளில் பழைய கையெழுத்தில் '14 சக்கரம்' என்று விலை எழுதியிருந்தது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பதால், அரை ரூபாய்க்கு இந்தச் சீமையிலேயே கைமாறிய பிரதி அது. பரிசுச் சீட்டையும் இப்படிப்பட்ட குறிப்புகளையும் அழுக்கு என்று கருதிக் கிழித்தெறியும் கடைகள் உண்டு. இங்கே அவற்றை நூலின் பத்திரமாக மதிக்கிறார்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் போட்ட நூல்களுக்காக, அலமாரிக் கதவின் உட்புறம் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டுள்ளது. விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46 என்று போர் ஆண்டுகள் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கின்றன. சித்திரையில் ஆண்டு மாறுவதை நினைவில் வைக்காமல், பார்த்திப வருடம் என்றாலே போர் முடிந்த பின் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இது பயன்படும். அந்த ஆண்டு சித்திரையில் பிறந்தபோது ஐரோப்பாவில் போர் இன்னும் ஓயவில்லை.

தாளைப் பற்றி ஒரு சொல். 1944-ஆம் ஆண்டின் காகிதக் கட்டுப்பாட்டு ஆணை பிரிட்டிஷ் இந்தியாவில் பதிப்பகங்களின் கையைக் கட்டியது. அதற்கு முன்பே இறக்குமதித் தாள் அரிதாகி, கிடைத்ததைக் கொண்டு அச்சடித்தார்கள். ஒரே நூலில் முதல் சில பாரங்கள் வெண்தாளிலும் மீதி சாணி நிற நியூஸ்பிரிண்டிலும் இருப்பது அந்தக் காலத்து நூலில் குறையே அல்ல, ஒரு வகையில் அடையாளம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே இருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், இராமச்சந்திரபுரம் செந்தமிழ் நிலையம் போன்ற பதிப்பகங்கள் அந்த ஆண்டுகளில் சுறுசுறுப்பாக இயங்கின. அவற்றின் நூல்கள் இந்த அலமாரியில் தனிக்கட்டாக வைக்கப்பட்டுள்ளன. மரக்கூழில் செய்த மட்டத் தாளில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். அமிலம் நாரை அரித்து, மடித்தால் ஒடியும் அப்பளமாக்கிவிடும். இதைச் சீட்டில் 'ஒடியும்' என்ற ஒரே சொல்லால் எச்சரிக்கிறார்கள். படிப்பதற்காக வாங்குகிறவர்கள் அந்தச் சொல் இருந்தால் நூலை அப்படியே வைத்துவிட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே நூலைத் தேடிப் பார்ப்பது நல்லது. முகப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்த மின்னூலகம் துணைசெய்யும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக முடிந்தவர்களுக்கு அங்கே மூலப் பிரதிகளையே ஒப்பிட வாய்ப்பு உண்டு.

இனி ஆங்கிலத் தட்டு. பழைய மிஷன் பள்ளிகளின் ஆசிரியர்களும், கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தவர்களும், மலைத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்களும் விட்டுச்சென்ற வீட்டு நூலகங்களிலிருந்து வந்தவை இவை. திருவிதாங்கூரின் முதல் அச்சகங்களுள் ஒன்றை இலண்டன் மிஷன் சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் நிறுவினார்கள். அந்த மரபில் வளர்ந்த வாசகக் குடும்பங்கள் இங்கே நிறைய. ஆகவே சரக்கு வருவதில் வியப்பில்லை. சரக்கைக் கையாளும் விதம்தான் சரியில்லை.

ஆங்கிலக் கவிஞர் ரூபர்ட் புரூக்கின் முதல் உலகப் போர்க் கவிதைகள் அடங்கிய '1914' தொகுப்பு ஒன்று அங்கே ஆறாயிரம் ரூபாய்க்கு இருந்தது. சீட்டில் 'முதற் பதிப்பு' என்று எழுதியிருந்தது. புரூக் 1915 ஏப்ரலில் இறந்தார். சிட்ஜ்விக் அண்டு ஜாக்சன் நிறுவனம் மே மாதம் அந்த நூலை வெளியிட்டது. அது போர் முடிவதற்குள் திரும்பத் திரும்ப அச்சாகி ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடையில் இருந்த பிரதியின் முகப்பின் பின்பக்கத்தில் மறு அச்சுகளின் பட்டியல் நீளமாக இருந்தது. கடைசி ஆண்டு 1918. ஆங்கிலப் பதிப்பாளர்கள் ஒரே அச்சுக்கோப்பிலிருந்து எடுக்கும் மறு அச்சுகளையும் ஒரே பதிப்பாகக் கருதுவதால், 'முதற் பதிப்பு' என்பது சொல்லளவில் பொய்யில்லை என்று வாதாட முடியும். ஆனால் சேகரிப்பவர் பணம் கொடுப்பது முதல் அச்சுக்கே. தமிழ் நூல்களில் பாரத்தையும் அட்டையையும் பிரித்துப் பார்க்கும் அதே கண், இங்கே பின்பக்கப் பட்டியலைப் பார்க்காமல் விட்டது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, ஆங்கிலச் சீட்டுகளை வேறொருவர் எழுதுகிறார் என்றும், விலையை இணையத்தில் பார்த்துப் போடுகிறார் என்றும் அண்ணாச்சி சொன்னார். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை, விற்ற விலை ஆகாது.

அதே போரின் இன்னொரு கவிஞரான வில்ஃபிரட் ஓவன் விஷயத்தில் இது இன்னும் பெரிய இடறல். ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரம் இருக்கும்போது கொல்லப்பட்டார். உயிரோடிருந்தபோது விரல் விட்டு எண்ணத்தக்க கவிதைகளே அச்சில் வந்திருந்தன. சீக்ஃபிரீட் சசூனின் முன்னுரையோடு சாட்டோ அண்டு விண்டஸ் 1920-இல் வெளியிட்ட சிறு நூல்தான் முதல் தொகுப்பு. அது இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்கிறது. எட்மண்ட் பிளண்டன் விரிவான முன்னுரையோடு பதிப்பித்தது 1931-இல் வந்தது. பிளண்டன் பதிப்பின் பின்னாளைய மறு அச்சு ஒன்றுக்கு, 1920-ஆம் ஆண்டு நூலைப் பற்றிய புகழுரையைச் சீட்டில் எழுதி வைத்திருப்பதை ஏற்க முடியாது. அந்தப் போரின் மற்றக் கவிஞர்களான ஐசக் ரோசன்பெர்க், இராபர்ட் கிரேவ்ஸ் ஆகியோரின் நூல்கள் அங்கே இல்லை. இருந்தாலும் இந்தச் சீட்டுகளை நம்பி வாங்க மாட்டேன்.

இரண்டாம் போரின் ஆங்கில நூல்களில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஏனென்றால் அவை தம் காலத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. பிரிட்டனில் 1942 முதல் நடப்பிலிருந்த போர்க்காலச் சிக்கன ஒப்பந்தத்தின்படி அச்சான நூல்களில், திறந்த புத்தகத்தின் மேல் சிங்கம் அமர்ந்திருக்கும் முத்திரையைப் பார்க்கலாம். விளிம்பு குறுகி, எழுத்து சிறுத்து, தாள் மெலிந்திருக்கும். ஆலன் லூயிஸின் 'ரெய்டர்ஸ் டான்' 1942-இல் வந்தது. அவர் படையோடு இந்தியாவுக்கு வந்து, 1944 மார்ச்சில் பர்மாவின் அரக்கான் பகுதியில் இறந்தவர். அடுத்த தொகுப்பு மறுவருடம் இராபர்ட் கிரேவ்ஸின் முன்னுரையோடு வெளியானது. முதல் தொகுப்பின் சுமாரான பிரதி ஒன்று இங்கே இருந்தது; அதன் விலை நியாயமாகவே பட்டது. இந்தியாவைத் தொட்டுச் செல்லும் கவிஞர் என்ற வகையில் நம் சேகரிப்பில் இடம்பெற வேண்டியவர் அவர். ஏனோ நம்மவர்கள் தேடுவதில்லை.

இந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆங்கிலச் சீட்டுகளை எழுதுபவரை மீறி அண்ணாச்சியே எழுதி வைத்திருந்த ஒன்று. மாக்மில்லன் வெளியிட்ட தாகூரின் 'கீதாஞ்சலி' மறு அச்சு ஒன்றைப் போர்க்கால அலமாரியில் வைத்திருந்தார். 1912-இல் இலண்டன் இந்தியா சங்கம் 750 பிரதிகள் மட்டும் அச்சிட்ட நூல் அது. மாக்மில்லன் பதிப்பு 1913 மார்ச்சில் வந்தது. இரண்டுமே போருக்கு முந்தியவை. பிறகு ஏன் இந்த அலமாரியில்? ஓவனின் தாயார் 1920-இல் தாகூருக்கு எழுதிய கடிதத்தில், கடைசியாக வீட்டிலிருந்து விடைபெற்றபோது மகன் கீதாஞ்சலி வரிகளைச் சொன்னதையும், திரும்பி வந்த அவனது சட்டைப்பைக் குறிப்பேட்டில் அந்த வரிகள் தாகூரின் பெயரோடு எழுதியிருந்ததையும் தெரிவித்திருக்கிறார். சீட்டில் இது இரண்டே வரியில் இருந்தது. விலை இருநூறு ரூபாய். அரிய பதிப்பு என்று எங்கும் சொல்லவில்லை. ஆங்கிலத் தட்டு முழுவதையும் அவரே பார்த்துக்கொண்டால் இந்த விமர்சனத்தின் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது. பக்கத்துத் தட்டில் மலையாள நூல்களும் உண்டு. கவிமணி 'ஆசிய ஜோதி' என்று தமிழாக்கிய எட்வின் ஆர்னால்டின் அதே புத்தர் காவியத்தைக் குமாரன் ஆசானும் மலையாளத்தில் தந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து வாங்க விரும்புகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பில் கடைக்கு அரை மதிப்பெண்தான் தரலாம். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மாறி மாறிப் பெய்யும் மாவட்டம் இது. கடற்காற்றின் ஈரம் வேறு. மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை வைத்திருப்பது தவறு. கீழ்த்தட்டு நூல்களின் பின்னட்டைகளில் பூஞ்சைப் புள்ளிகள் தெரிகின்றன. சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டாலே பாதித் தொல்லை தீரும். பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைக்கிறார்கள், அந்துருண்டையும் போடுகிறார்கள். இராமபாணப் பூச்சி அரித்த பிரதிகளைத் தனியே பிரித்து வைத்திருப்பதும் நல்லது. கம்பித் தையல் துருவேறிய நூல்களில் கம்பியை எடுத்துவிட்டு நூலால் தைக்கிறார்கள். அது சரியான வேலை.

சரியில்லாத வேலை பைண்டிங். அட்டை போன சில நூல்களை வெளியே கொடுத்துக் காலிகோத் துணிக் கட்டு போட்டு வாங்கியிருக்கிறார்கள். கட்டியவர் மூன்று பக்கமும் கத்தி போட்டுச் செதுக்கிவிட்டார். போர்க்கால நூலில் விளிம்பே குறைவு. அதையும் வெட்டினால் பக்க எண்கள் போய்விடும், பழைய கையெழுத்துக் குறிப்புகள் பாதியாகும். ஒரு 'உமர்கய்யாம் பாடல்கள்' பிரதியில் மேல் விளிம்புக் குறிப்புகள் அனைத்தும் இப்படித் துண்டிக்கப்பட்டிருந்ததைப் பார்த்து மனம் நொந்தது. கிழிந்த நிலையிலேயே கொடுத்தால் போதும், கட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, சொன்னால் கேட்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, தமிழ் நூல்களில் பேரம் பேச வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. நாற்பதுகளில் வந்த மறு அச்சுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன; உறுதியான முதல் அச்சுகள் ஆயிரத்தைத் தாண்டும்; பரிசுச் சீட்டோ கையொப்பமோ இருந்தால் கொஞ்சம் கூடுதல். கையொப்பம் கவிஞருடையதா என்பதைக் கடை உறுதிசெய்வதில்லை. 'பெயர் எழுதியுள்ளது' என்று மட்டுமே சீட்டில் குறிக்கிறார்கள். அது நேர்மை. ஆங்கில நூல்களுக்குச் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேசத் தொடங்கலாம். முகப்பின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பேசினால் இறங்கி வருகிறார்கள்.

வாங்கிய நூலில் சீட்டில் சொல்லாத குறை எதையும் கண்டுபிடித்தால், பத்து நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். வெளியூருக்கு அனுப்பும்போது இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மழைக்காலமானால் பாலித்தீன் உறையும் சுற்றி, கூரியரில் அனுப்புகிறார்கள், செலவு நம்முடையது. ஜி-பே உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாட்களில் மதியம் சாப்பாட்டுக்காக மூடிவிட்டு நான்கு மணிக்குமேல் திறக்கிறார்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வாரங்களில் முன்கடையில் கூட்டம் நெருக்கும், உள்ளறைப் பக்கம் யாரும் வர முடியாது. தேடும் நூலின் பெயரை முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், அண்ணாச்சி அதைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டு, வீடுகளில் நூல் எடுக்கப் போகும்போது பார்த்து வைக்கிறார். நான் எழுதிக் கொடுத்திருப்பது 1942-ஆம் ஆண்டு மான்மியத்தின் முதல் அச்சு, கட்டு போடாதது.